நாலு ஏக்கர் நிழல்

ஊட்டியில் அநேகமாக எங்கே போனாலும் ஏறித்தான் ஆக வேண்டும். தொட்டபெட்டா 2,637 மீட்டர் உயரம். தாவரவியல் பூங்கா சரிவில் அடுக்கடுக்காக 22 ஹெக்டேருக்கு விரிந்திருக்கிறது; முட்டிவலிக்காரர்கள் கீழ்ப் புல்வெளியிலேயே உட்கார்ந்துவிடுவார்கள். என் அம்மாவும் உட்கார்ந்துவிட்டார். அவரை நடக்க வைத்தது ஏரியை ஒட்டியிருக்கும் மரவியல் பூங்காதான். 1992-ல் அமைத்தது. மொத்தமே 1.58 ஹெக்டேர், நம் கணக்கில் நாலு ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவு. படகு சவாரிக்கு வரும் கூட்டம் அதைக் கவனிப்பதுகூட இல்லை.

பெரிய ஏற்றம் இல்லாத பாதை. அம்மா என் கையைப் பிடிக்காமலே நடந்தார். ஒரு மரத்தடியில் நிற்பார், அண்ணாந்து பார்ப்பார், பட்டையைத் தடவிவிட்டு, "இது என்னா மரம்ப்பா?" என்பார். உள்ளூர் மரமும் வெளிநாட்டு மரமும் கலந்து நிற்கிற இடம். பாதிக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. அவருக்கு அது ஒரு குறையாகவே படவில்லை.

ஒரு மனுஷனுக்கு மனசு ஆற எவ்வளவு இடம் வேண்டும்? இங்கே எங்கள் ஊரான பென்னலூரில் தெருவை விட்டு வெளியே வந்தால் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலை. கன்டெய்னர் லாரிகள், கம்பெனி பஸ்கள். வேலைக்கு இருங்காட்டுக்கோட்டைக்குப் போனாலும் ஒரகடத்துக்குப் போனாலும், ஆலைக்குள்ளே மஞ்சள் கோட்டுக்குள் நடக்க வேண்டும். வெளியே உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ரோட்டோரம் நடக்க வேண்டும். நைட் ஷிஃப்ட் முடிந்து தூக்கம் வராத பிள்ளைகள் டீக்கடை வாசலில் போனைப் பார்த்தபடி நிற்கிறார்கள். வேறு எங்கே போவார்கள்? 500 கிலோமீட்டர் தள்ளிக் கிடைக்கிற நிழல் லீவு நாளோடு சரி. தினமும் கால் மணி நேரம் கிடைக்கிற நிழல்தான் ஆளைத் தேற்றும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

எங்கள் பக்கம் மரமே இல்லை என்று சொல்லமாட்டேன். பெரிய ஆலைகளுக்குச் சுற்றுச்சூழல் அனுமதி கொடுக்கும்போது வளாகத்தில் 33 சதவீதம் பசுமைப் பரப்பு வேண்டும் என்று நிபந்தனை போடுவது வழக்கமாக இருந்தது. அந்த மரங்கள் காம்பவுண்டுச் சுவருக்கு உள்ளே நிற்கின்றன. ஐ.டி. கார்டு இல்லாதவர் உள்ளே போக முடியாது. இருப்பவருக்கோ அதன் கீழே நிற்க நேரமில்லை.

மலைக் குளிரை இங்கே கொண்டுவர முடியாது, அது தேவையும் இல்லை. சமவெளிக்கென்றே புங்கன், மகிழம், இலுப்பை, ஏரிக்கரைக்கு நீர்மருது என்று மரங்கள் இருக்கின்றன. புங்கன் சில வருஷத்தில் நிழல் தந்துவிடும். மகிழமும் இலுப்பையும் நிதானமாக வளர்பவை; அதனாலேயே அவற்றை முதலில் நட வேண்டும்.

ஆலைகள் சூழ்ந்த ஊர்களில் இருப்பவர்களே, மே 1 ஆகட்டும், அக்டோபர் 2 ஆகட்டும், அடுத்த கிராம சபையில் ஒரு மனு கொடுங்கள். ஏரிக்கரையை ஒட்டி நாலு ஏக்கர், அதில் நம் மண்ணின் மரங்கள், சமமான ஒரு பாதை, உட்கார நாலைந்து பெஞ்சு. கேட்டுக்குப் பூட்டு வேண்டாம் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.