அந்த வகுத்தல் கணக்கு உங்களுக்குத் தெரியும்

என் பெற்றோரின் கல்யாண கேசட்டை டிவிடியாக மாற்றித் தரச் சொல்லி ஒரு கடையில் கொடுத்தேன். பத்து நாள் கழித்துக் கையில் கிடைத்தது. போட்டுப் பார்த்தால், அப்பா தாலி கட்டுகிறார்; அந்தக் கைகளை மறைத்துக்கொண்டு கடையின் பெயரும் செல்போன் எண்ணும் ஓடுகின்றன. அம்மா கோபப்படவில்லை. "இது யார் நம்பர்டா?" என்று மட்டும் கேட்டாள்.

சுருக்கென்று தைத்தது. வீட்டில் கம்ப்யூட்டர் இருந்தது, அதில் டிவிடி ரைட்டரும் இருந்தது. "அதெல்லாம் தெரிஞ்சவங்க செய்யற வேலை" என்ற ஒற்றை வரிக்குப் பயந்து, பணமும் கொடுத்து, என் அம்மாவின் முகூர்த்தத்தை விளம்பரப் பலகையாக்கி வாங்கி வந்திருக்கிறேன்!

உங்களையும் அதே வரிதானே கட்டிப் போட்டிருக்கிறது? பரணில் கிடக்கும் உங்கள் கேசட்டை ஒவ்வொரு மழைக்காலமும் பூஞ்சை கொஞ்சம் தின்கிறது. நீங்கள் தைரியம் வரட்டும் என்று உட்கார்ந்திருக்கிறீர்கள். பூஞ்சைக்குத் தைரியம் தேவையில்லை.

"எந்த சாஃப்ட்வேர் பெஸ்ட்?" என்று மாதக்கணக்கில் விசாரிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். பெண் பார்த்துக்கொண்டே நாற்பதைத் தாண்டியவர்களின் கதைதான். டிவிடி ஸ்டைலர் இலவசம். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். அதை எடுத்துக்கொள்ளுங்கள், முடிந்தது. டிவிடி ஃபிளிக் இன்னும் எளிது. ஆனால் பல வருடங்களாக யாரும் அதைப் புதுப்பிக்கவில்லை. கம்ப்யூட்டரோடு வருவதை நம்பி இருந்தவர்கள் என்ன ஆனார்கள்? விண்டோஸ் 7-ல் இருந்த டிவிடி மேக்கர் விண்டோஸ் 8-ல் காணாமல் போனது. ஆப்பிள் 2001-ல் கொண்டுவந்த ஐடிவிடியும் இன்று இல்லை. (எதை நிறுவினாலும், "கூடவே இதையும் ஏற்றட்டுமா?" என்று அது கேட்கும் இடங்களில் டிக்கை எடுத்துவிடுங்கள்.)

விசிஆரையும் ஒரு கேப்சர் கருவியையும் இரவல் வாங்கியாவது கேசட்டைக் கம்ப்யூட்டருக்குள் ஏற்றுங்கள். மூன்று மணி நேரக் கேசட்டுக்கு மூன்று மணி நேரம் ஆகும், குறுக்கு வழி கிடையாது.

அடுத்துதான் எல்லோரும் விழும் குழி. நானும் விழுந்தேன். அந்த வீடியோ கோப்பை அப்படியே வட்டில் ரைட் செய்து பிளேயரில் போட்டால், பழைய பிளேயர் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அது தேடுவது 'வீடியோ_டிஎஸ்' என்ற ஃபோல்டரை. அதற்குள் எம்பெக்-2 முறையில் சுருக்கிய படம், நம் ஊர் பிளேயருக்கு ஏற்ற 'பால்' (PAL) முறை அளவில், 720-க்கு 576 புள்ளிகளாக, நொடிக்கு 25 சட்டங்களாக இருக்க வேண்டும். எந்தப் பொத்தானை அழுத்தினால் எங்கே போக வேண்டும் என்ற குறிப்பும் அங்கேயே இருக்க வேண்டும். இத்தனையையும் கட்டிக் கொடுப்பதுதான் இந்த சாஃப்ட்வேரின் வேலை. நீங்கள் சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்று: நொடிக்கு எத்தனை மெகாபிட்?

இங்கேதான் கை நடுங்குகிறது. ஏன் நடுங்க வேண்டும்? வட்டின் கொள்ளளவு 4.7 ஜிபி. எட்டால் பெருக்கி மெகாபிட்டாக்குங்கள், 37,600. இரண்டு மணி நேரம் என்பது 7,200 நொடி. வகுத்தால் 5.2. ஒலிக்கும் மெனுவுக்கும் கொஞ்சம் விட்டுவிட்டு வீடியோவுக்கு 4.8 போடுங்கள். ஐந்தாம் வகுப்பில் பிரம்புக்கு முன்னால் நின்று போட்ட வகுத்தலை, சொந்த வீட்டில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து போட முடியாதா உங்களால்!

மூன்று மணி நேரத்தையும் ஒரே வட்டில் திணித்தால் விடை 3.5-க்கும் கீழே போகும். ஆரத்திச் சுடர் அசையும்போது முகங்கள் கட்டம் கட்டமாக உடையும். கஞ்சத்தனம் வேண்டாம். ரிசப்ஷன் ஒரு வட்டு, முகூர்த்தம் ஒரு வட்டு. ஒரு மணி நேரப் படத்துக்கு விடை 10.4 வரும், டிவிடி விதிப்படி வீடியோவுக்கு 9.8-தான் உச்சம். வீட்டில் ரைட் செய்த வட்டு அந்த வேகத்தில் திணறும், 8 போதும்.

"பென் டிரைவ் இருக்கும்போது டிவிடி எதற்கு?" என்று கேலி செய்வார்கள். செய்யட்டும். கேப்சர் செய்த கோப்பை ஹார்ட் டிஸ்கில் ஒரு பிரதி வையுங்கள், ரைட் செய்த வட்டும் சிரஞ்சீவி அல்ல. ஆனால் அம்மாவுக்குத் தெரிந்தது டிவிடி பிளேயரின் ரிமோட். கோப்புப் பட்டியலில் தேடச் சொல்லாமல் மெனுவில் நான்கு பொத்தான் வையுங்கள்: மாப்பிள்ளை அழைப்பு, தாலி, நலங்கு, பந்தி. ஓரத்தில் ஒட்டி வைக்காதீர்கள், பழைய டிவி விளிம்பை விழுங்கிவிடும். தமிழ் எழுத்து கொம்பு வேறு கால் வேறாக உடைகிறதா? வேறொரு சாஃப்ட்வேரில் எழுதிப் படமாக்கி, அந்தப் படத்தையே மெனுவின் பின்னணியாகப் போடுங்கள். நான் இதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அழுதேன்.

ஏழு வட்டு வீணாக்கினேன். எல்லாம் மாடித் தோட்டத்தில் அணிலை விரட்டத் தொங்குகின்றன. நீங்கள் அந்த ஏழையும் மிச்சப்படுத்தலாம்: முதலில் அழித்து எழுதக்கூடிய ஆர்டபிள்யூ வட்டில் ரைட் செய்து, வீட்டுப் பிளேயரிலேயே போட்டு, ஒவ்வொரு பொத்தானையும் அழுத்திப் பாருங்கள். சரியாக இருந்தால் நல்ல வட்டில், அவசரப்படாமல் 4 மடங்கு வேகத்தில்.

எட்டாவது வட்டை அம்மாவிடம் கொடுத்தேன். தாலி என்ற பொத்தானை அவள் தொடவே இல்லை. நேராகப் பந்திக்குப் போனாள். அங்கே, மூன்றாவது வரிசையில், இலையைத் துடைத்துக்கொண்டிருந்தார் தாத்தா.

ஏணி எங்கே இருக்கிறது உங்கள் வீட்டில்?