மாணவரின் மடிக்கணினி: தெரிவு யாருடையது?

பல்கலைக்கழகத்துக்குத் தெரிவான பிள்ளைக்கு மடிக்கணினி ஒன்று வாங்க முற்படும் பெற்றோர் முதலிற் கேட்பது அதன் விலையை. அடுத்துக் கேட்பது, அது எத்தனை ஆண்டுகளுக்கு உழைக்கும் என்பதை. அதனுள் இயங்கப்போகும் பணிசெயல் முறைமை எது என்ற வினாவைப் பெரும்பாலானோர் கேட்பதே இல்லை. கடையில் எது நிறுவப்பட்டிருக்கிறதோ அதுவே வீட்டுக்கு வருகிறது. கேட்கப்படாத இந்த வினாவினுள் ஓர் அறவியற் பிரச்சினை அடங்கியிருக்கிறது. அதனை ஆசிரியரும் மாணவரும் ஆராய வேண்டியது அவசியமாகும்.

கணினியின் நினைவகத்தைப் பங்கிட்டு, கோப்புகளைப் பேணி, ஏனைய செய்நிரல்கள் யாவும் இயங்குவதற்கு இடமளிக்கும் அடிப்படைச் செய்நிரற் தொகுதியே பணிசெயல் முறைமை. மாணவர் முன் இன்று முக்கியமாக மூன்று முறைமைகள் உள்ளன: மைக்ரோசொஃப்டின் விண்டோஸ், அப்பிளின் மக்ஓஎஸ், உபுண்டு, டெபியன் முதலிய பெயர்களில் வழங்கும் லினக்ஸ். முதலிரண்டும் தனியார் நிறுவனங்களின் உடைமைகள். அவற்றை முழுமையாகப் படித்தறியவோ, திருத்தவோ, பிரதிசெய்து வழங்கவோ பிறருக்கு உரிமையில்லை. மூன்றாவதற்கு இவ்வுரிமைகள் யாவும் உண்டு.

“எதில் வேலை இலகுவாக முடிகிறதோ அதுவே நல்லது. ஒரு கருவியில் அறம் எங்கிருந்து வந்தது?” என்று சிலர் கேட்கலாம். கருவி மனித உறவுகளுக்கு வெளியே தனித்து நிற்பதன்று என்பதே இதற்கு நமது பதில். மண்வெட்டியை விற்ற கொல்லனுக்கு அதன்மேல் அதன்பின் அதிகாரமில்லை. வாங்கிய கமக்காரன் அதன் பிடியை மாற்றலாம். அயலவனுக்கு இரவல் கொடுக்கலாம். உடைமைச் செய்நிரலின் நிலை வேறு. பணம் கொடுத்த பின்னரும் அது வாங்கியவருக்குச் சொந்தமாவதில்லை. அவர் பெறுவது பயன்படுத்துவதற்கான அனுமதி மட்டுமே. நிபந்தனைகளை விதிக்கும் உரிமை விற்றவரிடமே இருந்துவிடுகிறது.

இதன் விளைவை அண்மையில் கண்டோம். விண்டோஸ் 10 முறைமைக்கான பொது ஆதரவை மைக்ரோசொஃப்ட் நிறுவனம் 2025 ஒக்டோபர் 14 ஆம் திகதியுடன் நிறுத்திக்கொண்டது. அடுத்து வந்த விண்டோஸ் 11, குறிப்பிட்ட ஒரு பாதுகாப்புச் சில்லைக் கோருகிறது. 2017 ஆம் ஆண்டுக்கு முன் வெளிவந்த இன்டெல் செயலிகளுட் பெரும்பாலானவற்றை அது ஏற்பதில்லை. அக்கணினிகள் பழுதடைந்துவிடவில்லை. எங்கோ எடுக்கப்பட்ட ஒரு வணிக முடிவு அவற்றைக் காலாவதியாக்கியது. 2022 ஆம் ஆண்டின் நெருக்கடியில், டொலருக்கு 200 ரூபா அளவில் இருந்த நாணயமாற்று விகிதம் சில மாதங்களுள் 360 ரூபாவை அண்மித்த நாடு நமது நாடு. இங்கே அண்ணன் பாவித்த கணினியைத் தங்கை பாவிப்பதும், பாவித்த கணினியைக் கடையில் வாங்குவதும் வழக்கமானவை. அவ்வீடுகளுக்கு இம்முடிவு எத்தகைய சுமையைக் கொண்டுவந்தது என்பதை விளக்க வேண்டியதில்லை. பாரம் குறைந்த லினக்ஸ் வகையொன்றை நிறுவினால் அதே கணினி இன்னும் சில ஆண்டுகள் உழைக்கும்.

எனினும், செலவு குறைவு என்பதற்காக மட்டும் லினக்ஸைப் பரிந்துரைப்பது அதன் பொருளைச் சுருக்குவதாகும். அதன் வரலாற்றை நோக்குவோம். அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்திற் பணிபுரிந்த ரிச்சர்ட் ஸ்டோல்மன், ஆய்வுகூடத்து அச்சுப்பொறியின் குறையைத் திருத்த விரும்பியபோது, அதன் செய்நிரலின் மூலவடிவம் அவருக்கு மறுக்கப்பட்டது. ஒருவர் கண்டறிந்ததை மற்றவருடன் பகிர்வதே அறிவுலகின் வழக்கம் என்று நம்பிய அவர், 1983 இல் ‘குனூ’ என்னும் கட்டற்ற முறைமையை உருவாக்கும் திட்டத்தை அறிவித்தார். இயக்கும் உரிமை, படித்துத் திருத்தும் உரிமை, பகிரும் உரிமை, திருத்தியதைப் பகிரும் உரிமை ஆகிய நான்கும் அதன் அடிப்படைகளாயின. 1991 இல் ஹெல்சின்கிப் பல்கலைக்கழக மாணவராயிருந்த 21 வயது லினஸ் டோர்வால்ட்ஸ், தமது கணினிக்கென எழுதத் தொடங்கிய கருநிரலை உலகத்தின் முன் வைத்தார். அடுத்த ஆண்டில் அதுவும் அதே உரிமைகளுடன் பொதுச்சொத்தாயிற்று. மாணவர் ஒருவர் தொடங்கியதைப் பல நாடுகளின் உழைப்பாளர் வளர்த்தனர்.

நம் நாட்டிலும் இதற்கு ஒரு சான்று உண்டு. 2004 டிசம்பர் 26 ஆம் திகதி ஆழிப்பேரலை கரையோரத்தை அழித்தபோது, காணாமற்போனோரைப் பதிவதற்கும், முகாம்களின் தேவைகளை அறிந்து நிவாரணத்தை ஒழுங்குபடுத்துவதற்கும், இலங்கைக் கணினியறிஞர்கள் தொண்டர்களாகத் திரண்டு ‘சகன’ என்னும் செய்நிரலை உருவாக்கினர். சிங்களத்தில் அச்சொல்லுக்கு நிவாரணம் என்று பொருள். அதனைக் கட்டற்ற மென்பொருளாக வெளியிட்டமையால், 2005 இல் பாகிஸ்தானிற் பூமி அதிர்ந்தபோது அங்கும் அது பயன்பட்டது. நமது துயரத்திற் பிறந்த அறிவு மற்றொரு மக்களின் துயருக்கு உதவியது. அதற்கு எவரிடமும் அனுமதி வேண்டி நிற்கவேண்டியிருக்கவில்லை.

இங்கு ஓர் எதிர்வாதம் எழும். “விண்டோஸ் நமக்கு விலையா? களவுப் பிரதி எங்கும் கிடைக்கிறதே. ஏகபோகத்துக்குப் பணம் கொடாதிருப்பதும் ஓர் எதிர்ப்புத்தானே?” 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி அது குற்றமாகும். ஆனால் சட்டத்தைக் காட்டி வறிய மாணவரை அச்சுறுத்துவது நமது நோக்கமன்று. வேறு வழி காட்டாத சமுதாயத்துக்கு அவரைக் கள்வர் என்றழைக்கும் தகுதியும் இல்லை. நாம் வினவுவது, அச்செயல் உண்மையில் எதிர்ப்பாகுமா என்பதையே. 1998 இல் பில் கேட்ஸ் சீனாவைக் குறித்துப் பேசியபோது, மக்கள் திருடத்தான் போகிறார்கள் என்றால் தமது மென்பொருளையே திருடட்டும், அதற்கு அடிமையானபின் பணத்தை அறவிடும் வழியைக் கண்டுகொள்ளலாம் என்ற கருத்தை வெளிப்படையாகவே கூறினார். களவுப் பிரதி ஏகபோகத்தை அசைப்பதில்லை. பழக்கத்தை வளர்த்து அதற்கு நாளைய வாடிக்கையாளரைத் தேடிக்கொடுக்கிறது. எதிர்த்துவிட்டோம் என்ற திருப்தி மட்டும் நமக்கு எஞ்சுகிறது.

மறுபுறத்தில், லினக்ஸை ஒரு புரட்சியாகக் கொண்டாடுவதும் பேதைமையாகும். 2017 நவம்பர் முதல், உலகின் தலைசிறந்த மீக்கணினிகள் 500 இன் பட்டியலில் இடம்பெறுவன யாவும் அதிலேயே இயங்குகின்றன. கூகிள், அமேசன் முதலிய பெருநிறுவனங்களின் தரவு நிலையங்களுக்கும் அதுவே அத்திவாரம். கருநிரலின் பெரும்பகுதியை இன்று எழுதுவோர் இன்டெல், ரெட் ஹட் போன்ற நிறுவனங்களிற் சம்பளம் பெறுவோரே. பொதுச்சொத்தை மூலதனம் தன் இலாபத்துக்குப் பயன்படுத்தத் தயங்குவதில்லை. ஆனாலும் ஒரு வேறுபாடு உண்டு. பொதுக்கிணற்றிற் செல்வந்தனும் நீர் அள்ளுகிறான் என்பதற்காக அக்கிணறு அவனுடையதாகிவிடுவதில்லை. மற்றவர் அள்ளும் உரிமை நிலைத்திருக்கிறதா என்பதே முக்கியம்.

அவ்வாறாயின், ஒவ்வொரு மாணவரும் உடனே விண்டோஸைத் துறந்துவிட வேண்டுமா? இங்கேதான் நாம் நிதானிக்க வேண்டும். கட்டடக்கலை மாணவருக்கு ஓட்டோகாட் கட்டாயம். அது லினக்ஸில் நேராக இயங்குவதில்லை. வேறொரு துறையிற் புள்ளிவிபர ஆய்வுக்கு எஸ்பிஎஸ்எஸ் மட்டுமே கற்பிக்கப்படுகிறது. இன்னொரு விரிவுரையாளர் ஒப்படையை வேர்ட் கோப்பாக மட்டுமே ஏற்கிறார். இத்தகைய சூழலில் வாழும் 20 வயது மாணவரிடம் “நீ கொள்கைவழி நில்” என்று போதிப்பது, சமுதாயத்தின் பொறுப்பைத் தனிமனிதர் தோளில் ஏற்றிவிட்டு நாம் கைகழுவுவதாகும். பாடவிதானமும் பரீட்சையும் வேலைவாய்ப்பும் முன்னரே வகுத்துவிட்ட பாதையில் நடப்பவருக்குத் தெரிவுச் சுதந்திரம் உண்டு என்று சொல்வது அரை உண்மையே.

ஆகவே, தெரிவு மாணவருக்கு உரியது என்பதிலும் பார்க்க, முதலிற் கல்வி நிறுவனத்துக்கு உரியது என்பதே சரி. கேரளத்தில் 2000களின் தொடக்கத்திற் பாடசாலைகளுக்குக் கணினிக் கல்வி வந்தபோது, ஒரே நிறுவனத்தின் செய்நிரல்களைப் பாடமாக வைப்பதை ஆசிரியர் அமைப்புகள் எதிர்த்தன. அடுத்த சில ஆண்டுகளில் அரச பாடசாலைகளின் கணினிக் கல்வி கட்டற்ற மென்பொருளுக்கு மாறியது. தனித்தனி மாணவரின் தியாகத்தால் அது நிகழவில்லை. ஆசிரியர்கள் கூடிக் கோரினார்கள், அரசு முடிவெடுத்தது, ஆசிரியர்களே பயிற்சி பெற்றுப் பிறருக்கும் பயிற்றினார்கள்.

நாம் செய்யக்கூடியவை மலையைப் பெயர்க்கும் காரியங்களல்ல. ஒப்படைகளைத் திறந்த நியம வடிவிலும் ஏற்கலாம். திறந்த ஆவண வடிவம் 2006 இலேயே சர்வதேச நியமமாகிவிட்டது. புள்ளிவிபரவியலை ‘ஆர்’ மொழியிற் கற்பிக்கலாம். கல்லூரியின் ஆய்வுகூடத்திற் சில கணினிகளிலேனும் லினக்ஸை நிறுவி, மாணவர் அதனைத் தொட்டுப் பழக இடமளிக்கலாம். மாணவர் தம் பங்குக்கு, ஒரே மடிக்கணினியில் இரு முறைமைகளையும் அருகருகே நிறுவலாம். துறை கட்டாயப்படுத்தும் வேலைக்கு ஒன்றையும், ஏனையவற்றுக்கு மற்றதையும் பயன்படுத்தலாம். இதில் வெட்கப்பட எதுவுமில்லை. எதனை விரும்பித் தெரிந்தோம், எதற்குக் கட்டுப்பட்டோம் என்பதை அறிந்திருந்தாற் போதும்.

1945 இல் இந்நாடு இலவசக் கல்வியை ஏற்றது. அறிவு பணம் படைத்தோரின் உடைமையாக இருத்தலாகாது என்பதே அதன் அடிப்படை. அக்கல்வியின் பயனால் ஆசிரியரானோர், தம் மாணவர் அறிவைத் தேடும் கருவியைக் குறித்தும் அதே வினாவை எழுப்பக் கடமைப்பட்டவர்கள். மாணவரின் மடிக்கணினியில் எதை நிறுவுவது என்று கேட்குமுன், அடுத்த தவணையில் நாம் அவரிடம் எதைக் கட்டாயப்படுத்தப் போகிறோம் என்று நம்மையே கேட்டுக்கொள்வோம்.