முகம் அறிந்தவள்

எங்கள் தெரு அங்கன்வாடியில், கைக்குழந்தையோடு ஒரு பெண் சத்துமாவு வாங்க நிற்கிறாள். பணியாளர் கைபேசியை அவள் முகத்துக்கு நேரே பிடிக்கிறார். மூன்றாம் முறையும் செயலி ஏற்கவில்லை. “என்னை உங்களுக்குத் தெரியாதா டீச்சர்?” என்கிறாள். தெரியும். அவள் கருவுற்ற மூன்றாம் மாதத்திலிருந்தே தெரியும்.

1975இல் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் தொடங்கியது. அன்றுமுதல் வீடு வீடாக நடந்து இப்பெண்கள் சேர்த்த அறிவு ஒன்றுண்டு. குழந்தையின் கண்ணிமையைத் தாழ்த்திச் சோகையைக் காண்பார்கள். தாயின் மௌனத்தில் முந்தைய இரவின் அடியைக் கேட்பார்கள். அதைத் திறன் என்று நாம் சொன்னதில்லை. பெண்ணின் இயல்பு என்றோம். ஒன்றிய அரசின் ஏட்டில் அவர்கள் இன்றும் மதிப்பூதியம் பெறும் ‘கௌரவப் பணியாளர்கள்’.

2021இல் போஷன் டிராக்கர் செயலி வந்தது. 2025 ஜூலை முதல், வீட்டுக்குக் கொடுக்கும் சத்துணவுக்கு முகச் சரிபார்ப்பு கட்டாயமானது. இப்போது திறன் என்றால் செயலியை இயக்குவது. கற்கட்டும், எந்தக் கருவியும் பெண்ணுக்கு அந்நியமில்லை. ஆனால், செயலி ‘இல்லை’ என்று சொல்லி, அவர் கண் ‘ஆம்’ என்று சொன்னால், எவருடைய சொல் நிற்கும்?

அதிகாரத்தைச் செயலியிடம் கொடுத்துவிட்டு, வெறுங்கையோடு திரும்பும் தாய்க்குப் பதில் சொல்லும் பொறுப்பை மட்டும் டீச்சரிடம் விடுவது அநீதி. “இவளை நான் அறிவேன்” என்று அவர் எழுதிக் கையெழுத்திட்டால் அது செல்ல வேண்டும். அந்த உரிமையும் சேர்ந்தால்தான் அது திறன். இல்லையென்றால் இன்னொரு கீழ்ப்படிதல்.