கல்ச்சரும் காலனியும்

நம் பெயரிலிருந்தே எடுத்த ஒரு சொல்லை வசைச்சொல்லாக வைத்திருக்கிற மொழி ஆங்கிலம். அந்த மொழியைப் படிக்காமல் நம் பிள்ளைகளுக்குக் கரையேற வழியில்லை என்பதும் உண்மை. அப்படியிருக்க, அந்த மொழியில் நம்மைப் பற்றி நாம் எப்படிப் பேசுவது, எந்தச் சொல்லை வாயில் எடுப்பது, எதைத் துப்புவது என்பதை வெறும் மொழிப்பாடமாக நான் பார்க்கவில்லை. அறம் சம்பந்தப்பட்ட கேள்வி அது. நம் ஆட்கள் பலர், நிலம், கூலி, இடஒதுக்கீடு எல்லாம் முடிந்தபிறகு இதையெல்லாம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்திருக்கிறார்கள். அதுவரை பிள்ளைகள் வாயில் யாருடைய சொல் இருக்கும் என்று யாரும் யோசிப்பதில்லை.

கூத்தாநல்லூரைச் 'சின்ன சிங்கப்பூர்' என்பார்கள். மலேயா, சிங்கப்பூர் என்று கப்பலேறிச் சம்பாதித்த இசுலாமியர்கள் கட்டிய பெரிய பெரிய வீடுகள் உள்ள ஊர். இப்போது சுற்றுவட்டாரக் கிராமங்களின் காலனிப் பிள்ளைகளும் பாஸ்போர்ட் எடுக்கிறார்கள். நர்சிங் முடித்த பெண்கள், டிப்ளமோ முடித்த பையன்கள். அவர்களுக்கு மாலையில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிற வேலையை நானும் இரண்டு தோழர்களும் செய்துவருகிறோம். வெளிநாட்டுக்குப் போவதற்கான ஆங்கிலத் தேர்வில் பேச்சுத்தேர்வு ஒன்று உண்டு. உங்கள் ஊர் மரபு ஒன்றைப் பற்றிச் சொல்லுங்கள், ஒரு திருவிழாவைப் பற்றிச் சொல்லுங்கள் என்பது மாதிரிக் கேட்பார்கள். அதற்கென்றே 'கல்ச்சர்' என்ற தலைப்பில் உயர்தரச் சொற்கள் அச்சாகிக் கிடைக்கின்றன. ரிச் கல்ச்சுரல் ஹெரிட்டேஜ், டீப் ரூட்டட் ட்ரெடிஷன், ஃபோக் ஆர்ட், கஸ்டம், டபூ, ரிச்சுவல். மனப்பாடம் பண்ணி இரண்டு நிமிஷம் தடங்கலில்லாமல் பேசினால் மதிப்பெண்.

ஒரு பெண் திருவிழாவைப் பற்றிப் பேசிப் பார்த்தாள். தாளில் இருந்த சொற்களையெல்லாம் பிசகாமல் போட்டுப் பேசினாள். தேர், கூட்டம், ஒற்றுமை, முன்னோர் தந்த செல்வம். முடித்துவிட்டு, "அண்ணே, தேரு நம்ம தெருவுக்கு வராதே. அதுக்கு இதுல என்ன வார்த்தை இருக்கு?" என்றாள்.

இல்லை. இருக்கவும் முடியாது. இந்தச் சொற்களின் வேலையே வேறு. கஸ்டம் என்றால் வழக்கம். வழக்கத்துக்கு எழுவாய் கிடையாது. யார் செய்தான், யாருக்குச் செய்தான் என்று அது கேட்காது. 'சாணிப்பால் கரைத்து வாயில் ஊற்றினான், சவுக்கால் அடித்தான்' என்று சொன்னால் அங்கே ஒரு மிராசுதார் நிற்கிறான், ஒரு பண்ணையாள் நிற்கிறான். 'தஞ்சைப் பண்ணைகளில் சில பாரம்பரியத் தண்டனை முறைகள் நிலவின' என்று சொல்லிப் பாருங்கள். இரண்டு பேருமே காணாமல் போய்விடுகிறார்கள். 1940களில் சீனிவாசராவ் தலைமையில் இந்த மண்ணில் விவசாயத் தொழிலாளிகள் எழுந்தபோது எதிர்த்தது 'நிலவிய' ஒன்றை அல்ல, ஊற்றினவனையும் அடித்தவனையும். பிறகு 1952இல் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஆங்கிலத்தில் எழுதிய சட்டம்தான். ஆனால் 'பண்ணையாள்' என்பதை மொழிபெயர்க்காமல் அப்படியே தமிழிலேயே வைத்துக்கொண்டது. காரணம் எதுவாக இருந்தாலும், பொருத்தமான காரியம்.

நம் ஊருக்குக் கிழக்கே, திருவாரூரைத் தாண்டிப் போனால் கீழவெண்மணி. 1968 டிசம்பர் 25 இரவு குடிசைக்குள் வைத்து 44 பேரை எரித்தார்கள். பெண்களும் குழந்தைகளுமே அதிகம். இன்றும் ஆங்கிலத்தில் எழுதுகிற சிலருக்கு அது இன்சிடெண்ட், கிளாஷ், கூலித் தகராறு. குற்றம் சாட்டப்பட்ட நிலவுடைமையாளர்கள் 1973இல் உயர்நீதிமன்றத்தில் விடுதலை ஆனார்கள். கார் வைத்திருக்கிற பெரிய மனிதர்கள் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்பமுடியவில்லை என்ற பொருளில் தீர்ப்பில் எழுதியிருந்தது. நல்ல ஆங்கிலத்தில்தான் எழுதியிருந்தது.

அது கிடக்கட்டும். கல்ச்சர் என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். இலத்தீன் வேர் அதற்கு. உழுதல், பயிர்செய்தல், குடியிருத்தல், வழிபடுதல் எல்லாம் சேர்ந்த ஒரு வினை. அந்த வேரிலிருந்துதான் அக்ரிகல்ச்சர் வந்தது, கல்ச்சர் வந்தது. அதே வேரில்தான் காலனி என்ற சொல்லும் பிறந்தது. உழுகிறவன் குடியேறி வாழ்கிற இடம் என்று பொருள். ஆக, கல்ச்சரும் காலனியும் கூடப்பிறந்த சொற்கள். இதைச் சொன்னபோது வகுப்பில் ஒரு பையன் சிரித்தேவிட்டான். "அப்ப உழுதது நாம, காலனி நமக்கு, கல்ச்சர் மட்டும் அவங்களுக்கா?" காவிரிப் படுகையின் பண்பாடு என்றவுடன் என்ன நினைவுக்கு வருகிறது? திருவாரூரில் பிறந்த சங்கீத மும்மூர்த்திகள், கோயில், வெண்கலச் சிலை, வெற்றிலைச்செல்லம். நாற்றங்கால் விட்டு, நடவு நட்டு, களை பறித்து, வரப்பிலே பிள்ளை பெற்றவள் அந்தப் பட்டியலில் வரமாட்டாள். சங்கீதத்துக்கு மிருதங்கம் வேண்டும், மிருதங்கத்துக்குத் தோல் வேண்டும், தோலை எடுத்துப் பதப்படுத்தி மூட்ட ஒரு கை வேண்டும். அந்தக் கைகளைப் பற்றி டி.எம். கிருஷ்ணா எழுதிய புத்தகத்தின் வெளியீட்டுக்குக் கொடுத்த இடத்தை 2020இல் கலாக்ஷேத்ரா திரும்ப வாங்கிக்கொண்டது.

காலனி என்ற சொல் இங்கே எப்படியெல்லாம் நாறிப்போனது என்று இந்தப் பக்கங்களைப் படிக்கிறவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. 'காலனிக்காரன்' என்றால் சாதிப் பெயரைச் சொல்லாமலே சாதியைச் சொல்லியாயிற்று. 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அந்தச் சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று அறிவித்தார். சரிதான், வரவேற்போம். ஆனால் சொல்லை எடுத்துவிட்டு இடத்தை அப்படியே ஊருக்கு வெளியே வைத்திருந்தால், அடுத்து வைக்கிற சொல்லும் பத்து வருஷத்தில் நாறும். சேரி என்பதும் ஒருகாலத்தில் சேர்ந்து வாழும் இடம் என்கிற நல்ல சொல்தானே.

தமிழ்ச் சொற்களுக்கு மட்டும் என்ன வாழ்கிறது? கலாச்சாரம் என்பதில் ஆசாரம் உட்கார்ந்திருக்கிறது, நம்மைத் தெருவில் நடக்கவிடாத அதே ஆசாரம். நாகரிகம் நகரத்திலிருந்து வந்தது. பண்பாடு என்ற சொல்லைக் கல்ச்சருக்கு ஈடாகப் புழக்கத்தில் விட்டவர் டி.கே.சி. என்று சொல்வார்கள். அது ஒன்றில்தான் மண்வாசனை இருக்கிறது. பண்பட்ட நிலம், நிலத்தைப் பண்படுத்துவது என்கிறோம் அல்லவா. அந்தச் சொல்லை 1993இல் ராஜ் கௌதமன் 'தலித் பண்பாடு' என்று தன் நூலுக்குத் தலைப்பாக வைத்தபோது, உனக்கேது பண்பாடு என்ற கேள்வி எழுந்த இடங்கள் எத்தனை! வேல்ஸ் நாட்டு ரயில்வே சிக்னல்காரரின் மகன் ரேமண்ட் வில்லியம்ஸ் 1958இலேயே, பண்பாடு என்பது சாதாரண மக்களின் அன்றாடம்தான் என்று எழுதிவிட்டார். அந்த வில்லியம்ஸுக்குக் கேம்பிரிட்ஜில் கிடைத்த நாற்காலி நம் ஆளுக்கு இங்கே கிடைக்க எத்தனை பாடு.

ஆங்கிலத்தில் நம்மைப் பற்றிய சொற்கள் எந்தத் திண்ணையில் உட்கார்ந்து எழுதப்பட்டன என்பதையும் பார்க்கவேண்டும். தஞ்சைக் கிராமம் ஒன்றை 'ஸ்ரீபுரம்' என்று பெயர் மாற்றி ஆந்த்ரே பெத்தேய் 1965இல் எழுதிய நூல் சமூகவியல் மாணவர்களுக்கு இன்றும் பாடம். நேர்மையான ஆய்வு, வர்க்கத்தையும் அதிகாரத்தையும் பேசிய ஆய்வு. ஆனால் அவர் தங்கியது அக்ரஹாரத்தில். அதனால் சேரிக்குள் தாராளமாகப் போய்வர முடியவில்லை என்பதை அவரே மறைக்கவில்லை. எம்.என். சீனிவாஸ் கொடுத்த 'சமஸ்கிருதமயமாதல்' என்ற சொல்லும் அப்படித்தான். நம் ஆள் கறி தின்பதை நிறுத்தினால் அதற்கு ஒரு கலைச்சொல். மிராசுதார் வீட்டுப் பிள்ளை நம் பறையை எடுத்து மேடையில் அடித்தால் அதற்கு அப்படியொரு கலைச்சொல் இல்லை, கைதட்டல்தான்.

இப்போது அந்தச் சொல்லுக்கு வருகிறேன். பரையா. ஜிஆர்இ மாதிரித் தேர்வுகளின் சொற்பட்டியல்களில் இருக்கும், 'சமூகத்தால் ஒதுக்கப்பட்டவர்' என்று பொருள் போட்டிருக்கும். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஆங்கிலத்துக்குள் போய்விட்ட நம் பெயர் அது. 1791இல் 'இந்தியக் குடிசை' என்ற பிரெஞ்சுக் கதை அதை அய்ரோப்பா முழுக்கக் கொண்டுபோனது. 19ஆம் நூற்றாண்டுக்குள் எவனையெல்லாம் ஒதுக்குகிறார்களோ அவனுக்கெல்லாம் அந்தப் பெயர் என்றாகிவிட்டது. மாக்ஸ் வேபர் யூதர்களைப் பரையா மக்கள் என்றார். ஹன்னா ஆரெண்ட் 1944இல் தன் மக்களைப் பற்றி எழுதும்போது அதை ஒரு பெருமிதமாகவே மாற்றினார். பத்திரிகைகளுக்கு வடகொரியா பரையா நாடு. தெருநாய்க்கும் அந்தப் பெயர்தான்.

சொற்கள் பொருள் மாறும், சொல்கிற வெள்ளைக்காரனுக்குத் தமிழ்நாட்டுச் சாதி ஞாபகமே இருக்காது, இதைப் பெரிசு பண்ணவேண்டாம் என்று ஒரு நண்பர் சொன்னார். அவனுக்கு ஞாபகம் இருக்காது, ஒத்துக்கொள்கிறேன். எனக்கு இருக்கிறதே. ஆங்கிலத்துக்குத் தமிழ் தந்த கொடை என்று பட்டியல் போடுகிற தமிழ்ப் பெரியவர்களைப் பாருங்கள். கட்டுமரம் இருக்கும், சுருட்டு இருக்கும், மிளகுத்தண்ணி இருக்கும். இந்தச் சொல் வரும் இடத்தில் தொண்டையைச் செருமிக்கொண்டு அடுத்ததற்குப் போய்விடுவார்கள். அந்தச் செருமலுக்குள்தான் விஷயம் இருக்கிறது. (கூலி என்ற சொல் ஆங்கிலத்துக்குப் போனது தமிழிலிருந்தா குஜராத்தின் கோலி மக்கள் பெயரிலிருந்தா என்று அகராதிக்காரர்களுக்குள் வழக்கு. இந்தச் சொல்லுக்கு அப்படியொரு வழக்குகூட இல்லை.)

நம் முன்னோர்கள் இதில் ஒரே கருத்தில் இருக்கவில்லை. அயோத்திதாசப் பண்டிதர், பூர்வ பவுத்தர்கள்மீது எதிரிகள் சுமத்திய இழிபெயர் இது என்று உதறித்தள்ளினார். இரட்டைமலை சீனிவாசன் 1893இல் தொடங்கிய பத்திரிகைக்கே 'பறையன்' என்று பெயர் வைத்தார். ஒளித்தால்தான் இழிவு, நானே சொன்னால் என்ன செய்வாய் என்கிற துணிச்சல். 1922இல் எம்.சி. ராஜா சட்டமன்றத்தில் பறையர், பஞ்சமர் என்பதையெல்லாம் விட்டு ஆதிதிராவிடர் என்று எழுதச் சொன்னார். இவர்களில் யார் சரி என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியும் ஒன்று: மூவருமே தங்கள் பெயரைத் தாங்களே முடிவு செய்தார்கள். 2018இல் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் தொலைக்காட்சிகளுக்கு 'தலித்' என்ற சொல்லைத் தவிர்க்கச் சொல்லி அறிவுரை அனுப்பியது. நாம் தேர்ந்துகொண்ட சொல் கூடாதாம். நாம் தேராத சொல் உலக அகராதிகளில் சௌகரியமாக உட்கார்ந்திருக்கிறது.

அதனால் என் நிலை இது. அந்தச் சொல்லை உவமையாக நான் ஒருபோதும் பயன்படுத்துவதில்லை. ஆனால் வகுப்பிலிருந்து விலக்கவும் மாட்டேன். தேர்வில் வந்தால் பொருள் தெரிந்திருக்கவேண்டும், எங்கிருந்து வந்தது என்பதும் தெரிந்திருக்கவேண்டும். நாளைக்கு ஏதோ ஒரு ஊர் மருத்துவமனையில் கூட வேலை செய்கிறவள் சாதாரணமாக அந்தச் சொல்லைச் சொல்லும்போது நம் பெண் திகைத்து நிற்கக்கூடாது.

ஆங்கிலமே வேண்டாம் என்று இதிலிருந்து முடிவு கட்டுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. தமிழில் நம் அப்பன்மார்கள் பொடிப்பயலுக்கும் 'ஆண்டே' என்றார்கள், அவன் கிழவனை 'அடே' என்றான். ஆங்கிலத்தில் இரண்டு பேருக்கும் ஒரே 'யூ'. இதை முதல் நாள் சொல்லும்போது பிள்ளைகள் முகத்தில் வருகிற வெளிச்சத்தை நான் பார்த்திருக்கிறேன். அம்பேத்கர் 1936இல் 'சாதி ஒழிப்பு' உரையை அச்சிட்டது ஆங்கிலத்தில். எழுவாய் இல்லாத வாக்கியத்துக்குள் ஒளிந்துகொள்ளாத ஆங்கிலம் அது. உத்தரப்பிரதேசத்தில் லக்கிம்பூர் கேரி மாவட்டத்துப் பாங்கா கிராமத்தில் சந்திரபான் பிரசாத் ஆங்கிலத் தாய்க்குக் கோயில் கட்ட 2010இல் முயன்றார். கோயில் எனக்கு ஒவ்வாது. அந்தப் பசி புரிகிறது.

சரி, அந்தப் பெண் தேர்வில் என்ன பேசவேண்டும்? எங்களுக்குள்ளேயே சண்டை வந்தது. 'தாளில் உள்ளதைச் சொல்லி மார்க் வாங்கி விமானம் ஏறட்டும், உண்மையைப் பிறகு பேசிக்கொள்ளலாம்' என்றார் ஒரு தோழர். 'நம்மை விலக்கின தேரைப் புகழ்ந்துதான் பிழைக்கணுமா?' என்றார் இன்னொருவர். நான் இரண்டு பேரோடும் முழுக்கச் சேரவில்லை. மேல்சாதி மாணவி தன் ஊர்த் திருவிழாவைப் பற்றி நிம்மதியாகப் பேசிவிட்டு வெளியே வருவாள். அவளிடம் யாரும் சாட்சியம் கேட்பதில்லை. நம் பிள்ளை மட்டும் முன்பின் தெரியாத தேர்வாளர் முன்னால் இரண்டு நிமிஷத்தில் தன் காயத்தைத் திறந்து காட்டவேண்டும் என்று விதிப்பதற்கு நாம் யார்? அது அவள் விருப்பம். ஆனால் சொல்லிக்கொடுக்கிறவனுக்கு அந்த விருப்பம் கிடையாது. புகழ்வதற்கு மட்டும் சொல் கொடுத்துவிட்டு, மற்றதைக் கொடுக்காமல் விட்டால் அவள் எதைத் தேர்ந்தெடுப்பாள்? பொய் சொல்ல நேர்ந்தவளும் பொய்யை மட்டுமே கற்றுக்கொடுத்தவனும் ஒன்றல்ல.

அதனால் தாளின் பின்பக்கத்தில் இன்னொரு பட்டியல் எழுத ஆரம்பித்தோம். எக்ஸ்க்ளூஷன், செக்ரிகேஷன், டினயல், பாய்காட், ஹ்யூமிலியேஷன். ஒவ்வொன்றுக்கும் யார், யாருக்கு என்று எழுவாயும் செயப்படுபொருளும் வைத்து ஒரு வாக்கியம். 'தேர் எங்கள் தெருவுக்கு வருவதில்லை' என்பதைப் பிள்ளைகளே 'தேரை அவர்கள் எங்கள் தெருவுக்குக் கொண்டுவருவதில்லை' என்று திருத்தினார்கள். தேருக்கு என்ன, அது மரம்.

மூன்றாவதாக ஒரு பத்தியும் போட்டிருக்கிறோம், ஆங்கிலத்தில் சொல்லே கிடைக்காதவற்றுக்கு. ஆண்டே, சாணிப்பால், வெட்டி வேலை. தீட்டு என்ற சொல்லில் நின்றுபோனோம். மானுடவியல்காரர்கள் ரிச்சுவல் பொல்யூஷன் என்று எழுதுகிறார்கள். பிள்ளைகளுக்கு பொல்யூஷன் என்றால் ஆலைப்புகை. ஒரு பையன், "அண்ணே, புகைய விடுறவன்தானே கேசுல மாட்டணும்? இதுல மட்டும் எப்படி நம்மள மாட்டிவிட்டாங்க?" என்று கேட்டான். அன்றைக்கு அதற்கு மேல் பாடம் நடக்கவில்லை. ஆளாளுக்குப் பேசினார்கள். அந்தக் கட்டத்தில் இன்னும் எதையும் எழுதவில்லை.