காட்சியும் கடப்பாடும்

பண்டைச் சின்னங்களைக் காணச் செல்லும் ஒருவனுக்கு, அச்சின்னங்கள் அமைந்த ஊரின்மேல் யாதேனும் கடப்பாடு உண்டா? காண்பது எவரையும் வருத்தாத செயல். கண் எதனையும் எடுத்துச் செல்வதில்லை. ஆதலின் கட்டணம் செலுத்திக் கண்டு திரும்புவதோடு காண்போன் கடன் தீர்ந்துவிடுகின்றது என்பது பலரது எண்ணம். இவ்வெண்ணம் எத்துணைப் பொருந்தும் என ஆராய்வதற்கு யாழ்ப்பாணத் தீவகம் தக்கதோர் இடமாகும். கோட்டையும் கோயிலும் விகாரையும் பழஞ்சிறையும் அங்கு சிறு பரப்பினுள் அடுத்தடுத்து நிற்கின்றன; அவற்றிடையே மக்களும் வாழ்ந்து வருகின்றனர்.

முதற்கண் நோக்கத்தக்கது நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலிலுள்ள தமிழ்ச் சாசனம். பொலன்னறுவையிலிருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் (1153 - 1186) ஆணை அது. ஊராத்துறையில், அஃதாவது இன்றைய ஊர்காவற்றுறையில், வந்திறங்கும் பிறநாட்டாரைப் பாதுகாத்தல் வேண்டும் என அது விதிக்கின்றது. யானையும் குதிரையும் ஏற்றிவந்த கலம் உடையின் நாலிலொரு பங்கு அரச பண்டாரத்துக்கும் எஞ்சிய மூன்று பங்கு உடையவனுக்கும் உரியன. வாணிகச் சரக்கு ஏற்றிய கலமாயின் இருசாராருக்கும் சரிபாதி. யானை குதிரைகளில் அரசனுக்கிருந்த விருப்பையும் சாசனம் மறைக்கவில்லை.

விருந்தோம்பலைத் தமிழர் அன்பின் பாற்பட்ட அறமாகவே பெரிதும் போற்றினர். இச்சாசனமோ அதனை நீதியின் பாற்படுத்துகின்றது. வருவோனுக்கும் இருப்போனுக்கும் இடையே பங்கும் வரையறையும் உண்டு என்பதே அதன் கருத்து. கலமுடைந்து கரையொதுங்கியவன் வலிகுன்றியவன். எனவே அவனைக் காக்கச் சட்டம் முற்பட்டது. ஆனால், இன்று குறிகட்டுவானில் படகேறும் சுற்றுலாப் பயணி அந்நிலையினன் அல்லன். பணமும் ஓய்வும் விரும்பியபோது திரும்பிச் செல்லும் வாய்ப்பும் அவனிடம் உள. நெடுந்தீவில் வாழ்வோனுக்கோ நன்னீரே அரிய பொருள். அன்று வந்தவனைக் காத்த நீதி, இன்று இருப்பவனைக் காத்தல் வேண்டும். ஆள் மாறினும் நீதியின் அடிப்படை மாறுவதில்லை.

காண்போனால் விளையக்கூடிய கேடுகளில் எளிதிற் புலப்படுவது பொருட்கேடு. நெடுந்தீவின் பழங்கோட்டையும், சாந்தின்றி அடுக்கப்பட்ட கல்வேலிகளும் முருகைக்கல்லால் ஆனவை; ஒருவர் ஒரு கல்லை நினைவுப்பொருளாகக் கொண்டு சென்றாலும் அவை குறையும். ஐரோப்பியர் காலத்தில் வளர்க்கப்பட்டு, இன்று கட்டற்றுத் திரியும் குதிரைகளின் வழித்தோன்றல்களுக்கும் அங்குள்ள சிறிதளவு நீரே ஆதாரம். இவ்வகைக் கேட்டைச் சட்டத்தால் ஓரளவு தடுக்கலாம்.

சட்டத்தால் தடுக்கவியலாதது உண்மைக்கு நேரும் கேடு. ஊர்காவற்றுறைக்கு எதிரே கடலின் நடுவே நிற்கும் ஹமன்ஹீல் கோட்டை போர்த்துக்கேயர் கட்டியது. 1658இல் ஒல்லாந்தர் வசமாயிற்று. 1971ஆம் ஆண்டுக் கிளர்ச்சியில் கைதானோர் அங்கே சிறைவைக்கப்பட்டனர். பிற்காலத்தில் அது கடற்படையினரால் பயணியர் விடுதியாக்கப்பட்டது. சிறை விடுதியாவது தவறன்று; சிறையாக இருந்ததை மறப்பதே தவறு. ஒல்லாந்தர் ஆட்சியில் யாழ்ப்பாணத்து மக்கள் ‘ஊழியம்’ என்னும் கட்டாய உழைப்புக்கு உட்பட்டிருந்தனர். கோட்டையின் அழகை வியப்போன் இவ்வுழைப்பையும் எண்ணுதல் முறையாகும்.

இன்னும் அண்மைக் காலத்துச் செய்தியொன்று உண்டு. 1985 மே 15ஆம் நாள் நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்குச் சென்ற குமுதினிப் படகில், பெண்களும் குழந்தைகளும் உட்பட இருபதுக்கு மேற்பட்ட பயணிகள் நடுக்கடலில் வெட்டிக் கொல்லப்பட்டனர். கடற்படையினர்மீதே குற்றஞ்சாட்டப்பட்டது. அப்படகு பின்னரும் பல்லாண்டுகள் அதே வழியில் மக்களை ஏற்றிச் சென்றது. பயணி இன்று கடக்கும் கடலும் அதுவே. முந்நூறு ஆண்டுப் பழமையை அறிய விழைவோன், தான் கடக்கும் நீரின் நாற்பதாண்டு வரலாற்றை அறிய மறுப்பானாயின், அவன் நாடியது வரலாறு அன்று. வரலாற்றின் அலங்காரம் மட்டுமே.

இதற்கு ஒரு மறுப்பு எழலாம். ஒவ்வோர் ஊரின் துயரையும் சுமந்துகொண்டே செல்ல வேண்டுமெனின் எவரும் எதனையும் கண்டு மகிழ இயலாதன்றோ என்பதே அது. மறுப்பு வலியது, ஆயினும் அறிதல் வேறு, அழுதல் வேறு. கொரியாவின் பழந்தலைநகரான கியோங்ஜுவிலுள்ள புல்குக்சா விகாரை பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் யப்பானியப் படையெடுப்பின்போது எரியுண்டது. பின்னர் மீளக் கட்டப்பட்டு, 1995இல் உலக மரபுரிமைச் சின்னங்களுள் ஒன்றாயிற்று. எரிந்த செய்தியை அறிந்தவனுக்கு அதன் எழில் குறைவதில்லை. மீளக் கட்டியோரின் உறுதியும் அவ்வெழிலோடு சேர்ந்து விளங்குகின்றது. கடப்பாடு கோருவது துயரத்தை அன்று, அறியாமையை ஒரு வசதியாகக் கொள்ளாமையையே.

காண்பதும் ஒருவகை உடைமையாக்கலே என்பது இறுதியாக நோக்கத்தக்கது. நாக அரசர் இருவர் ஓர் ஆசனத்தின் பொருட்டுப் போரிட, புத்தர் தோன்றி அப்பகையைத் தணித்த கதையை மகாவம்சமும் மணிமேகலையும் கூறுகின்றன. அந்நிகழ்ச்சிக்குரிய இடம் நயினாதீவே என்பது நாகவிகாரைக்கு வரும் பௌத்தரின் நம்பிக்கை. மணிமேகலையின் மணிபல்லவம் இத்தீவே என்பாரும் உளர். மகாவம்சத்தின்படி, ஆசனம் அரசர்க்கு மீளக் கொடுக்கப்பட்டது உடைமையாக அன்று, வழிபடுபொருளாகவே. ‘எனது’ என்ற சொல் நீங்கியபோதே பகையும் நீங்கிற்று. அம்மனை வணங்குவோரும் புத்தரை வணங்குவோரும் வந்திறங்கும் இத்தீவுக்கு அக்கதை இன்றும் பொருந்துவதாம். வெறுமனே காண வருவோனுக்கும் அது பொருந்தும். தான் கண்ட இடம் தனக்காகவே அமைந்தது என்னும் எண்ணத்தைத் துறந்து, அங்கு வாழ்வோரின் நீரையும் நினைவையும் வழிபாட்டையும் மதித்து நடப்பானாயின், அவனைப் பாதுகாத்தல் வேண்டுமெனக் கல்லிற் பொறித்த பழைய ஆணைக்கு அவன் தகுதியுடையவனாகின்றான்.