விற்பவன் கடமை: ஒரு பழைய கொதிகலன் எழுப்பும் வினா

இங்கிலாந்து போன்ற குளிர்நாடுகளிற் கொதிகலன் வீட்டின் இன்றியமையாத உறுப்பாகும். பெரும்பாலான வீடுகளில் அது இயற்கை வாயுவை எரித்து நீரைச் சூடாக்குகின்றது. அந்நீர் குழாய்கள் வழியே அறைதோறும் சென்று வெப்பத்தை அளிக்கின்றது. அத்தகைய கலனொன்று பொதுவாக 10 முதல் 15 ஆண்டுகள் வரை உழைக்கும். 25 ஆண்டுகள் பழைமையான கலனையுடைய ஒருவன் தன் வீட்டை விற்க முற்படுகின்றான் என்க. சென்ற மாரியில் அது இருமுறை நின்றுபோனதை அவன் அறிவான். கோடையில் வீட்டைப் பார்க்க வருபவன் அறியான். வருபவனுக்கு அது சுவரிற் பொருத்திய ஒரு வெண்ணிறப் பெட்டி மட்டுமே. விற்குமுன் புதிய கலனைப் பொருத்துவதா, உள்ளது உள்ளவாறே விற்பதா?

முதல் நோக்கில் இது வெறுங் கணக்கே. புதிய கலனுக்குச் சில ஆயிரம் பவுண் செலவாகும். அச்செலவு விலையில் மீளுமா என்பதே கேள்வி. 2005 ஆம் ஆண்டு முதல் இங்கிலாந்திலும் வேல்சிலும் புதிதாகப் பொருத்தப்படும் வாயுக் கலன்கள், சில விதிவிலக்குகள் நீங்கலாக, ஒடுக்க வகையினவாக இருத்தல் வேண்டும். புகையோடு வெளியேறும் நீராவியை ஒடுக்கி அதன் மறைவெப்பத்தையும் மீட்பதால் அவை குறைந்த எரிபொருளிற் கூடிய பயன் தருவன. இவற்றையெல்லாம் கூட்டியும் கழித்தும் ஒருவன் முடிவுக்கு வரலாம். ஆனால் அக்கணக்கின் அடியில் வேறொரு வினா உளது. தான் அறிந்ததை வாங்குபவனும் அறியச்செய்தல் விற்பவன் கடமையா?

இவ்வினா மிகப் பழையது. கி.மு. 44 இல் சிசரோ எழுதிய ‘கடமைகள் பற்றி’ என்னும் நூலின் மூன்றாம் பகுதியில் வீடு விற்கும் ஒருவன் வருகின்றான். அவன் வீடு நோய்க்கு இடமானது, அறைகளிற் பாம்புகள் உலவுவன, மரங்கள் உளுத்தவை. உரிமையாளன் ஒருவனையன்றிப் பிறர் எவரும் இதனை அறியார். அவன் வாய்திறவாது விற்பது நீதியா? தார்சசு நகரத்து அந்திப்பாத்தர் அது நீதியன்று என்றார். அறியாதவனை வேண்டுமென்றே வழிதவறச் செய்வதற்கு அதனை ஒப்பிட்டார். அவருடைய ஆசிரியரான பாபிலோனியத் தயோசெனிசு மறுதலித்தார். வாங்குமாறு எவரும் வற்புறுத்தவில்லை. சொல்லாதிருத்தல் வேறு, மறைத்தல் வேறு என்பது அவர் வாதம். சிசரோ அந்திப்பாத்தரின் பக்கமே நின்றார்.

தயோசெனிசின் வாதத்தை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. உலகிலுள்ள அனைத்தையும் அனைவருக்கும் சொல்லுங் கடமை எவருக்கும் இல்லை. அயலவனின் நாய் இரவிற் குரைப்பதையும், வேறோரிடத்தில் இதனினும் மலிவான வீடு உண்டென்பதையும் விற்பவன் சொல்லியே ஆகவேண்டுமா? எங்கேனும் ஓர் எல்லை வேண்டும். அவ்வெல்லையைச் சிசரோவே சுட்டுகின்றார்: தான் அறிந்ததைப் பிறர் அறிவது அவர்க்கு நன்மையாயிருக்க, தன் ஆதாயத்துக்காக அவரை அறியாமையில் வைத்திருப்பதே மறைத்தல். எனவே வாய் திறந்ததா மூடியதா என்பதன்று அளவுகோல். மௌனத்தினால் எவர் கைக்கு எது போய்ச் சேர்கின்றது என்பதே அளவுகோல்.

சட்டங்கள் இவ்விடயத்தில் ஒருமித்தனவல்ல. வாங்குபவனே விழிப்பாயிருத்தல் வேண்டும் என்பது ஆங்கிலச் சட்டத்தின் பழைய கொள்கை. கேட்ட வினாவுக்குப் பொய் விடை கூறினால் 1967 ஆம் ஆண்டின் பிழையான எடுத்துரைப்புச் சட்டம் விற்பவனைப் பற்றும். கேளாத குறைக்கு அவன் பொதுவாகப் பொறுப்பாளியல்லன். உரோமச் சட்டமோ வேறு வழியிற் சென்றது. சீலியன் குன்றிலிருந்த ஒரு வீடு பறவை நிமித்தம் பார்ப்பதற்குத் தடையாயுள்ளதென்றும், உயர்ந்த பகுதிகளை இடிக்க வேண்டுமென்றும் குருமார் கட்டளையிட்டனர். உரிமையாளன் அதனைச் சொல்லாமலே வீட்டை விற்றான். வழக்கு மார்க்கசு கேட்டோவிடம் வந்தபோது, அறிந்திருந்தும் அறிவியாதவன் நட்டத்தை ஈடுசெய்ய வேண்டுமென்று அவர் தீர்ப்பளித்தார். இலங்கையில் வழங்கும் உரோம டச்சுச் சட்டம், மறைந்த குறைகளுக்கு விற்பவனைப் பொறுப்பாக்கும்போது அம்மரபையே தொடர்கின்றது.

‘கேட்டாற் சொல்வேன்’ என்பது நேர்மையான நிலைப்பாடு போலத் தோன்றும். ஆனால் கேட்பதற்கும் ஓரளவு அறிவு வேண்டும். எதனைக் கேட்க வேண்டுமென்று அறியாதவனே அறிவித்தலை அதிகம் வேண்டி நிற்பவன். ‘சொன்னால் விலை குறையும், என் பிள்ளைகளுக்கு அது நட்டமல்லவா?’ என்றும் விற்பவன் வினவலாம். ஆனால் குறையை அறிந்தவன் கொடுக்கக்கூடிய விலையே அவ்வீட்டின் விலை. அதற்கு மேற்பட்ட தொகை வாங்குபவனின் அறியாமையிலிருந்து வருவது. தனக்கு உரித்தல்லாத ஒன்றை ஒருவன் இழக்க முடியாது.

இங்கு முதுமையையும் ஆபத்தையும் வேறுபடுத்தல் வேண்டும். பழைய கலனைப் பழையதென்று சொல்லி, விலையைக் குறைத்து விற்பதில் தவறில்லை. வாங்குபவன் அறிந்து இசைகின்றான். ஆனால் கலனில் வாயு முற்றாக எரியாதவிடத்துக் காபனோரொட்சைட்டு உண்டாகும். நிறமும் மணமும் அற்ற அந்நஞ்சு உறங்குபவரை உறக்கத்திலேயே கொல்லவல்லது. அத்தகைய ஆபத்தைச் சொல்லிவிட்டால் மாத்திரம் கடமை தீருமா? தந்தை விலைக்கழிவுக்கு இசையலாம்; உள்ளறையில் உறங்கப்போகும் குழந்தை எந்த உடன்படிக்கையிலும் கையொப்பமிடவில்லை. எனவே பழுதைத் தகுதிபெற்ற தொழில்வல்லுநரைக் கொண்டு திருத்துதல் வேண்டும். இயலாவிடில் கலனைத் துண்டித்துவிட்டே வீட்டைக் கையளித்தல் வேண்டும். விலையால் ஈடுசெய்யத் தக்க குறைக்கு அறிவித்தல் போதும். விலையால் ஈடுசெய்ய இயலாததற்குப் போதாது.

மறுபுறம், புதிய கலனைப் பொருத்துவதே அறமென்றும் கருதற்க. மிக மலிவான ஒன்றைத் துருவேறிய குழாய்களோடு இணைத்து, ‘புதிய வெப்பமூட்டல்’ என விளம்பரஞ் செய்பவன் ஒரு பொய்ச்சொல்லும் சொல்லாமலே ஏமாற்றுகின்றான். வெப்ப விசையியக்கி போன்ற வேறு ஏற்பாட்டை விரும்பியிருக்கக்கூடிய வாங்குபவனுக்கு அப்புதுமை வீண்செலவாகவும் முடியும். பழைய கலனைக் காட்டி அதன் வரலாற்றை உரைப்பவன் அவனிலும் நேர்மையானவனாயிருத்தல் கூடும்.

ஆதலின், ஆபத்து நீக்கப்பட்ட பின்னர், மாற்றுவதா விடுவதா என்பது பணப்பையின் வினாவாகவே எஞ்சுகின்றது. அதற்கு இருவகையான விடையும் தகும். சொல்வதா விடுவதா என்ற வினாவுக்கோ ஒரே விடைதான் உண்டு. வீட்டின் திறவுகோலைக் கையளிப்பவன் அவ்வீட்டைப் பற்றித் தான் அறிந்ததையும் உடன் கையளித்தல் வேண்டும். அடுத்த மாரியில் அக்கலன் நின்றுபோகும் இரவிலே, புதிய உரிமையாளன் குளிரை நொந்துகொள்ளலாம். தனக்கு விற்றவனை நொந்துகொள்ளக் காரணம் இருத்தலாகாது.