நட்சத்திரக் குறி

எங்களூர்ப் பெயர்களை ஆங்கிலத்தில் எழுதுவதற்கு ஒழுங்கென்று ஒன்றில்லை. முஹம்மத் என்பதை ஐந்தாறு விதமாக எழுதுபவர்களை ஒரே தெருவில் காணலாம். பிறப்புச் சாட்சிப் பத்திரத்தில் ஒன்று, கிளினிக் கொப்பியில் இன்னொன்று. வைத்தியசாலையொன்றின் பதிவறையில் இலிகிதராக இருந்த எனக்கு இது தினசரித் தலைவலி.

கணினி வந்தபோது அதற்கொரு வழியும் வந்தது. சந்தேகமான எழுத்துகளுக்குப் பதிலாக நட்சத்திரக் குறியைப் போட்டால், அவ்விடத்தில் எந்த எழுத்து எத்தனை இருந்தாலும் கணினி ஏற்றுக்கொள்ளும். ஒலியை வைத்துத் தேடும் முறையும் உண்டு. 1918இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற சவுண்டெக்ஸ் அதில் மூத்தது. ஆனால் அதற்கு முஹம்மதும் மஹ்மூதும் ஒருவரே; இருவருக்கும் எம் 530 என்ற ஒரே குறியீடுதான்.

ஒருநாள் கொப்பியும் அடையாள அட்டையும் இல்லாமல் ஒரு மூதாட்டி வந்தார். பெயர் சித்தி பரீதா. பரீதாவுக்கு எஃப்பா, பீயா? இரண்டு நட்சத்திரங்களைப் போட்டேன், அகப்பட்டார். பென்சிலின் ஒத்துக்கொள்ளாது என்ற குறிப்பு பழைய பதிவில் இருந்தது. புதிய பதிவொன்றைத் திறந்திருந்தால் அந்த வரி அதில் இருந்திராது. ஆகவே இக்குறியைத் தடைசெய்ய வேண்டுமென்று யாரும் சொன்னால் அவரோடு நான் வாதாடுவேன்.

ஆனால் அன்று திரையில் அவர் மட்டும் வரவில்லை. நாற்பது பேர் வந்தார்கள். வயது, விலாசம், போகும் கிளினிக் எல்லாவற்றோடும். ஏழாவது வரியில் என் தெருப் பெண்ணொருத்தி. மனநல கிளினிக். நான் தேடவில்லை, கண்ணில் பட்டது. பட்டதை எப்படித் திருப்பிக் கொடுப்பது? அதன்பின் அவள் வாசலில் நின்று சிரித்தால் எனக்கு அது வெறும் சிரிப்பாகத் தெரியவில்லை. பழைய பதிவறையில் ஒரு கோப்பை இழுத்தால் றாக்கையிலுள்ள மற்றக் கோப்புகள் மூடியே இருக்கும். இங்கே ஒருவரைக் கூப்பிட்டால் நாற்பது பேர் எழுந்து நிற்கிறார்கள்.

இதுவரை சொன்னதில் என் குற்றம் குறைவு. இனிச் சொல்வது அப்படியல்ல.

ராத்தாவின் மகளுக்கு ஒரு சம்பந்தம் பேசினார்கள். "ஒருக்காப் பாரு தம்பி, பொம்புளப் புள்ளட வாழ்க்க" என்றார் ராத்தா. மறுக்க முடியவில்லை என்று எழுதினால் பொய். மறுக்க நான் முயலவேயில்லை. மாப்பிள்ளையின் பெயரில் மூன்று எழுத்துகள், ஒரு நட்சத்திரம். நான்கு பேர் வந்தார்கள். ஒருவர் வலிப்பு நோய்க்கு மருந்தெடுப்பவர். மாப்பிள்ளையின் பிறந்த ஆண்டு எனக்குத் தெரியாது. விலாசங்கள் இரண்டு பழையவை. அவர்தானா, வேறொருவரா?

"ஒண்டுமில்ல" என்றுதான் ராத்தாவிடம் சொன்னேன். சொல்லுமுன் சற்றுத் தயங்கிவிட்டேன் போலும். ராத்தா என் முகத்தைப் பார்த்தார், மேலே எதுவும் கேட்கவில்லை. அடுத்த கிழமை அந்தப் பேச்சு நின்றுபோனது.

கணினியில் யார் எப்போது என்ன தேடினார் என்ற பதிவு இருந்தது. என் தேடலும் அதில் இருந்திருக்கும். ஆனால் சித்தி பரீதாவுக்குப் போட்ட நட்சத்திரமும் மாப்பிள்ளைக்குப் போட்ட நட்சத்திரமும் அதில் ஒரே மாதிரித்தான் தெரியும். நிய்யத்தை அது எழுதாது. பிறந்த ஆண்டையும் சேர்த்துக் கேட்டால்தான் விடை தரும்படி செய்யலாம். உரியவரைத் தெரிவு செய்யும்வரை கிளினிக்கின் பெயரை மறைத்து வைக்கலாம். இரண்டும் நல்ல யோசனைகளே. இருந்தாலும் ராத்தாவுக்காக நான் பிறந்த ஆண்டை விசாரித்துக்கொண்டு வந்து தேடியிருப்பேன், அவ்வளவுதான். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் உடல்நலத் தகவலை விசேட பாதுகாப்புக்குரிய தனிப்பட்ட தரவாகக் கொள்கிறது. இது நடந்தது அதற்கு முன்பு. அன்று சட்டம் இல்லாததால்தான் செய்தேன் என்று சொல்லமாட்டேன். செய்தது பிழையென்று அப்போதே தெரியும். திரையை மூடிவிட்டு எவரும் பார்த்தார்களா என்று பின்னால் திரும்பிப் பார்த்தவன் நான்.

ஒன்று மட்டும் விளங்கவில்லை. அது அவருடைய பதிவாகவே இருந்திருந்தால் என் பிழை குறைந்திருக்குமா? இல்லையென்றே நினைக்கிறேன். ஆனாலும் மனம் அந்த நான்கு வரிகளையே சுற்றுகிறது, விடை கிடைத்தால் ஏதோ இலேசாகிவிடும் என்பதுபோல.

அவர் இப்போது சந்தைக்குப் பக்கத்தில் இரும்புக் கடை வைத்திருக்கிறார். ஆணி வாங்கப் போனால் எழுந்து நின்று ஸலாம் சொல்கிறார். நானும் பதில் சொல்லிவிட்டு மிச்சக் காசை எண்ணாமல் வாங்கிக்கொண்டு வருகிறேன்.